கைச் சேமியா

ஐப்பசியில் முதல் மழை பிடித்ததும் பொன்னுரங்க முதலியார் கடைக் கதவில் ஒரு கரும்பலகையை மாட்டிவிடுவார். "வெயில் இல்லை. சேமியா இல்லை." அவ்வளவுதான் எழுதியிருக்கும். தீபாவளி என்று வந்து கெஞ்சினாலும், கல்யாண வீட்டுக்கு என்று கையைப் பிடித்துக்கொண்டாலும், தை பிறக்காமல் அந்தப் பலகை இறங்காது. சித்திரக்குளத்தைச் சுற்றியிருந்த தெருக்களில் அந்தப் பலகைக்கே ஒரு மரியாதை இருந்தது. முதலியார் கொள்கைக்காரர் என்றார்கள்.

சம்பா கோதுமை ரவை, தண்ணீர், துளி உப்பு. மைதா கிடையாது, கலர் கிடையாது. பிசைந்த மாவை ஈரத்துணி போட்டு மூடி ஊறவிட்டு, பித்தளை அச்சில் அடைத்து, மேலே இருக்கிற இரும்புச் சக்கரத்தைக் கையால் திருக வேண்டும். கீழே நூல் நூலாக இறங்குவதை அறுத்து மூங்கில் கழியில் போட்டு, மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய் இரண்டு நாள் வெயிலில் காயவைக்க வேண்டும். முதலியாரின் அப்பா காலத்திலிருந்து இதேதான். கடைக்குப் பெயர்கூட வைக்கவில்லை. ஊரே 'கைச் சேமியா' என்றது.

அந்தக் கை முதலியாருடையது அல்ல. அவருடைய மகள் ஜெயபாரதியுடையது. அம்மா மஞ்சள் காமாலையில் போனபோது அவளுக்குப் பதினேழு வயது, தம்பி பிரபுவுக்கு ஏழு. அதுவரை அம்மா திருகிக்கொண்டிருந்த சக்கரம், காரியம் முடிந்த மறுநாளே அவள் கைக்கு வந்தது. பள்ளிக்கூடம் நின்றது. நில் என்று யாரும் சொல்லவில்லை. விடிகாலையில் பிசைந்தால்தான் பத்து மணி வெயிலுக்குக் கழி ஏறும். பள்ளிக்கூட மணி அதற்கு நடுவில் அடித்தது, அவ்வளவுதான்.

மாவு அவளுக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. விரலால் அழுத்தி எடுத்தால் பள்ளம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்தே தண்ணீர் கூடவா குறையவா என்று சொல்லிவிடுவாள். கடற்காற்று பிசுபிசுவென்று அடிக்கிற நாளில் ஒரு கை தண்ணீர் குறைப்பாள். ரவை மூட்டை மாறினால் பிசையும்போதே கண்டுபிடித்துவிடுவாள். "எல்லாம் எம் பொண்ணு கை" என்று முதலியார் கடையில் சொல்வது உள்ளே அச்சடியில் நிற்கிற அவளுக்குக் கேட்கும். அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் நூறு சுற்று சுற்றலாம் போலிருக்கும்.

இருபத்தேழு வயதில் ஒரு இடம் வந்தது. நாகராஜ் என்று பெயர், நந்தனத்தில் ஒரு ஆபீஸில் கிளார்க். பெண் பார்க்க வந்தவன் மாடியில் வரிசை வரிசையாகக் காய்கிற சேமியாவைப் பார்த்துவிட்டு, "இத்தனையும் நீங்களா?" என்று அவளிடமே கேட்டான். அவளுக்கு வெட்கத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. அதுவரை யாரும் அவளிடம் நேராக அப்படிக் கேட்டதில்லை.

"பங்குனி, சித்திரை, வைகாசி, இதான் எங்களுக்கு வெயிலு காலம். ஆவணில வெச்சிக்கலாம்" என்றார் முதலியார். ஆவணி வந்ததும், "பையன் பன்னெண்டாவது பரீட்சை எழுதி முடிக்கட்டும், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். நாகராஜ் ஒரு நாள் அரைக் கிலோ சேமியா வாங்குகிற சாக்கில் கடைக்கு வந்தான். முதலியார் வங்கிக்குப் போயிருந்தார்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்றான்.

"நைனா சொல்றதுதான்" என்றாள் ஜெயபாரதி.

அவன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனான். அடுத்த தையில் அவனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. அதற்காக அவன்மேல் அவளுக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை.

தொண்ணூற்றொன்றில் வலது தோள் போயிற்று. முதலில் குத்தல், பிறகு கையைக் காதுக்கு மேல் தூக்க முடியவில்லை. தலை வாரிக்கொள்ளக்கூட ஆகவில்லை. கழி தூக்கவும் காயவைக்கவும் வருகிற வேலம்மாதான் தினமும் அவளுக்குப் பின்னிவிட்டாள். வேலம்மாவுக்கு அடையாற்றங்கரைக் குடிசை. காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவாள்.

"இன்னா பாரதிம்மா இது, கல்லு கணக்கா கீது தோளு?" என்று அழுத்திப் பார்த்துவிட்டு அவளே பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "என்னம்மா வேலை பண்றே? கிணறு வெட்டுறியா?" என்று கேட்டார். அந்த வேலையை விடாவிட்டால் கை மொத்தமாக இறங்கிவிடும் என்றார்.

அன்று சாயங்காலம் ஜெயபாரதி அப்பாவிடம் போய் நின்றாள். பதின்மூன்று வருஷத்தில் தனக்கென்று ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை.

"நைனா, சக்கரத்துக்கு மட்டும் ஒரு சின்ன மோட்டார் போட்டுக்கலாமா? மத்ததெல்லாம் நானே பண்றேன். பிசையிறது, அறுக்கிறது, காயவெக்கிறது எல்லாம்."

முதலியார் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"மோட்டார் சுத்தினா அச்சு சூடாவும். அச்சு சூடானா மாவு செத்துடும். செத்த மாவைக் காயவெச்சி நான் விக்கணுமா? எங்கப்பன் பேரு இன்னா ஆவுறது?"

"தோளு வலிக்குது நைனா."

"உங்கம்மாவுக்கு வலிக்கலியா? அவ ஒரு நாள் சொல்லியிருப்பாளா?" என்றார். பிறகு, கொஞ்சம் இறங்கிவந்து, "தைலம் வாங்கியாரேன், தேச்சிக்க. இது தொழில் இல்லம்மா, விரதம் மாதிரி" என்றார்.

ஜெயபாரதிக்கு வெட்கமாகிவிட்டது. விரதத்துக்கு நடுவில் சோறு கேட்டவள் போல் உணர்ந்தாள். மறுநாளிலிருந்து இடது கையால் திருகப் பழகிக்கொண்டாள். ஆறு மாதத்தில் பழகியும் விட்டது.

பிரபு பி.காம். முடித்து, ஒரு சோப்புக் கம்பெனியில் ஊர் ஊராகச் சுற்றி ஆர்டர் பிடித்துக்கொண்டிருந்தான். கல்யாணமும் ஆயிற்று. தொண்ணூற்றாறில் வேலையை விட்டுவிட்டு மனைவி வைதேகியுடன் வீட்டோடு வந்துவிட்டான். வந்த மூன்றாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சை எடுத்தான். ஜெயபாரதி எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"தி.நகர்ல ஒரு பெரிய கடையில பேசிட்டேன்பா. வருஷம் பூரா பாக்கெட் வேணுமாம். மழை, வெயில்னு சொல்ற கதையே கூடாதுங்கறாங்க. ஈக்காட்டுத்தாங்கல்ல ஒரு ஷெட் வருது. மோட்டார் அச்சு ரெண்டு, காயவெக்க ஒரு ஹீட்டர் ரூம். லோன் கிடைக்கும்."

ஜெயபாரதி கையிலிருந்த இலையோடு அப்படியே நின்றுவிட்டாள். அப்பா இப்போது எழுந்து நிற்பார், துண்டை உதறுவார், பெரியப்பா மகன் ஒரு தடவை மைதா கலக்கலாம் என்று சொன்னதற்குத் தெருவரை துரத்தியதுபோல் துரத்துவார் என்று எதிர்பார்த்தாள். தம்பிக்காக உள்ளுக்குள் கொஞ்சம் பரிதாபம்கூடப் பட்டாள்.

"ம்" என்றார் முதலியார். பல்லிடுக்கில் எதையோ நாக்கால் துழாவினார். "காலம் மாறுதுல்ல. பண்ணு. நல்ல நாள் பாத்துப் பண்ணு."

"அச்சு சூடானா மாவு செத்துடும்னியே, நைனா?" ஜெயபாரதியின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"அதெல்லாம் அந்தக் காலத்து மோட்டாரு."

"தொண்ணூத்தி ஒண்ணுலதான் நான் கேட்டேன். அஞ்சு வருஷம்தானே ஆவுது?"

"இன்னா நீ, கோர்ட்டுல கேக்குற மாதிரி கேக்குறே? அவன் குடும்பஸ்தன். நாலு பேருக்கு நடுவுல தலை நிமிர்ந்து நிக்க வேணாமா? உனக்கு இங்க இன்னா குறை?"

பிரபு தட்டில் வைத்திருந்த வெற்றிலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் இலைகளைக் கொண்டுபோய் வெளியே போட்டுவிட்டு, கையைக் கழுவி, சாணம் கரைத்து இடத்தைத் துடைத்தாள்.

தை மாதம் ஷெட் திறந்தார்கள். பாக்கெட் மேலே முதலியாரின் படம். நெற்றியில் விபூதி, தோளில் துண்டு, கையில் ஒரு கொத்து சேமியா. 'மூன்று தலைமுறைப் பாரம்பரியம். கைப்பக்குவம்' என்று வளைவாக அச்சிட்டிருந்தது. வீட்டில் கைச் சேமியா நிற்கவில்லை, குறைந்தது. பழைய வாடிக்கைக்காரர்களுக்கு மட்டும் வாரத்தில் இரண்டு நாள் போட்டாள். வேலம்மாவை இனி வர வேண்டாம் என்று முதலியார் சொல்லிவிட்டார். அந்த வருஷமே ஆற்றங்கரைக் குடிசைகளை எடுத்து அவர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டார்கள். வேலம்மா சொல்லிக்கொள்ள வந்தபோது ஜெயபாரதி வாசலிலேயே அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே யாரு உனக்குத் தல வாருவா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வேலம்மா போய்விட்டாள். ஜெயபாரதி அன்று மாலையே தலைமுடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டாள். வைதேகி பதறிப்போனாள். முதலியார் கவனித்ததாகத் தெரியவில்லை.

பங்குனியில் வேம்பு ஐயர் வந்து வாசலில் நின்று கத்தினார். மயிலாப்பூரில் பாதிக் கல்யாணத்துக்கு அவர்தான் சமையல் காண்டிராக்ட். இருபது வருஷமாக முதலியாரிடம்தான் சேமியா வாங்குகிறார்.

"முதலியாரே, உம்ம படத்தைப் பார்த்துண்டு பத்து கிலோ பாக்கெட் வாங்கினேன். சம்பந்தி வீட்டுக்காரா முன்னாடி பாயசம் கூழாப் போயிடுத்து! நானூறு இலை! கரண்டியில எடுத்தா சொத்துனு விழறது. மானம் போயிடுத்துய்யா எனக்கு!"

முதலியாருக்கு முகம் கறுத்துவிட்டது. பிரபுவைக் கூப்பிட்டுத் திட்டுவார் என்று ஜெயபாரதி நினைத்தாள். அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு நீ ஈக்காட்டுத்தாங்கல் போ. மாவைப் பாரு. அவன் புதுசு, அவனுக்கு இன்னா தெரியும்?"

போகக்கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் பாயசம் கூழானது அவளுக்குத் தாங்கவில்லை. கெட்டுப்போன மாவு எங்கோ இருக்கிறது என்ற நினைப்பு, வீட்டில் குழந்தை அழுகிற மாதிரி அவளை உட்கார விடவில்லை. மறுநாள் பஸ் ஏறினாள்.

ஷெட்டில் மாவைத் தொட்டதுமே தெரிந்தது. "மைதா எவ்ளோ கலந்திருக்கே?" என்று கேட்டாள். பிரபு மென்று விழுங்கி, பாதிக்குப் பாதி என்றான். ஹீட்டரை முடுக்கி ஐந்து மணி நேரத்தில் காயவைத்ததில் மேலே தோல் காய்ந்து உள்ளே ஈரம் நின்று, ஒவ்வொரு இழையிலும் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விட்டிருந்தது. கொதிக்கிற பாலில் அது கரையாமல் என்ன செய்யும்?

மூன்று நாள் போனாள். மைதாவை நிறுத்தச் சொன்னாள். எந்த ரவை, எத்தனை தண்ணீர், எவ்வளவு நேரம் ஊறவேண்டும் என்று சொன்னாள். ஹீட்டரைக் குறைத்து, முதலில் அரை மணி காற்று, பிறகு மூடிவைத்து வியர்க்கவிட்டு, மறுபடி மெதுவாகக் காற்று. மொட்டை மாடியில் மேகம் வந்து போகிற நாளில்தான் சேமியா நன்றாக வருகிறது என்று அவள் எப்போதோ கண்டுபிடித்து வைத்திருந்தாள். அதை அப்படியே அந்த அறைக்குள் செய்து காட்டினாள். பிரபு கூடவே நின்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டான். நல்ல மாணவன்போல் நடு நடுவே சந்தேகம் கேட்டான். மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் கைகழுவிக்கொண்டிருந்தபோது வந்தான்.

"அக்கா, நாளையிலேர்ந்து நீ இந்த வெயில்ல அலைய வேணாம். எல்லாம் எழுதியாச்சு."

அவன் பாசமாகத்தான் சொன்னான். அதுதான் கொடுமை. அவள் நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். பதினொரு பக்கம் வந்திருந்தது. பத்தொன்பது வருஷம் பதினொரு பக்கம்.

அந்த வாரம் புதுச் சரக்கில் ஒரு பாக்கெட் வீட்டுக்கு வந்தது. பிற்பகலில் எல்லோரும் தூங்கும்போது ஜெயபாரதி இரண்டு அடுப்பில் இரண்டு பாத்திரம் வைத்தாள். ஒன்றில் மோட்டார் சேமியா, ஒன்றில் தான் திருகியது. உப்புக்கூடப் போடாமல் வெறும் தண்ணீரில் வேகவைத்து, தட்டில் தனித்தனியாகப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றித் தின்று பார்த்தாள். மோட்டார் சேமியா மட்டமாக இருக்க வேண்டும் என்று அவள் அப்போது வேண்டிக்கொண்டது, தன் தம்பி கெட்டுப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டதற்குச் சமம் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் வேண்டிக்கொண்டாள்.

இரண்டும் ஒன்றாகவே இருந்தன. அதே கடி, அதே வாசனை. கண்ணைத் திறந்தபோது எந்தப் பக்கம் எது வைத்தோம் என்று அவளுக்கே குழம்பியது.

ஒரு வாரம் கழித்து வேம்பு ஐயர் சமாதானமாகி வந்தார். கொடுத்தனுப்பிய புதுச் சரக்கில் பாயசம் பிரமாதமாக வந்ததாம். கடையில் முதலியாருக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "மிஷின்ல பண்ணினதுன்னு சத்தியம் பண்ணினாலும் நம்பமாட்டா, முதலியாரே. நீரும்தான் இத்தனை வருஷம் மோட்டார் ஆகாது, ஆகாதுன்னு சொல்லிண்டிருந்தீர்" என்றார்.

முதலியார் சிரித்தார். சந்தோஷமாக இருந்தார். சந்தோஷத்தில்தான் அது வாயில் வந்தது.

"எண்பத்தி மூணுலயே கோயம்புத்தூர்க்காரன் ஒருத்தன் மோட்டார் அச்சு கொண்டாந்து காட்டினான் சாமி. பாரீஸ் கார்னர்ல வெச்சிப் போட்டே காட்டினான். நான் சாப்ட்டுப் பாத்தேன். நல்லாத்தான் இருந்திச்சி."

"அப்புறம் ஏன்யா வாங்கலை?"

"வூட்ல ஒரு கை இருந்திச்சே. அதுக்கு எதுக்குக் கரண்ட்டு செலவு?"

ஐயர் சிரித்தார். காப்பி டம்ளர்களுடன் கதவருகே வந்திருந்த ஜெயபாரதி இரண்டு பேருக்கும் காப்பியை வைத்தாள். ஐயர் அவளைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு டம்ளரைப் பார்க்கத் தொடங்கினார். முதலியாருக்கு ஒன்றும் தோன்றவில்லை. "சக்கரை கம்மியா போட்டியா?" என்றார்.

"போட்டேன்" என்றாள்.

எண்பத்து மூன்றில் அவளுக்கு இருபத்திரண்டு வயது. நாகராஜ் வருவதற்கு ஐந்து வருஷம் முன்பு. தோள் போவதற்கு எட்டு வருஷம் முன்பு. மாடிப்படியில் உட்கார்ந்து அவள் இதைத் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டாள். அழுகை வரவில்லை. விரதம் என்றாரே, அந்த ஒரு வார்த்தைதான் தொண்டையில் எலும்பு மாதிரி நின்றது. கஷ்டம், முடியாது, ஆள் வைக்கக் கையில் வசதி இல்லை என்று சொல்லியிருந்தால்கூட அவள் திருகியிருப்பாள். விரதம் என்று சொல்லியிருக்க வேண்டாம்.

ஆடியில் நந்தனத்தில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் ஒரு விடுதியில் சமையல்கட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டார்கள். வேம்பு ஐயர்தான் வந்து சொன்னார். அன்றைக்குச் சிரித்ததற்குப் பிராயச்சித்தமாகச் சொன்னாரோ என்னவோ. தங்க ஒரு அறை, சாப்பாடு, சம்பளம். கையைத் தூக்கவேண்டிய வேலை இல்லை, மேற்பார்வைதான். ஜெயபாரதி ஒரு டிரங்குப் பெட்டியோடு கிளம்பினாள்.

"இன்னாது, ஊரு சிரிக்கணும்னு கிளம்பிட்டியா?" என்றார் முதலியார். "வயசு முப்பத்தேழாவுது, இப்பப் போயி இன்னா பண்ணப் போறே?"

"உனக்கு நான் எதுக்கு நைனா? எல்லாம் எழுதியாச்சு."

அவருக்கு அது புரியவில்லை. பிரபுவுக்குப் புரிந்தது. அவன் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிவிட்டு ஆட்டோக்காரனிடம் வழி சொன்னான்.

மறு வருஷம் முதலியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். பிரபு விடுதி வாசலில் வந்து நின்றான். வைதேகி எட்டு மாதக் கர்ப்பம், அப்பாவைத் தூக்கி உட்காரவைக்க, மலஜலம் எடுக்க ஆள் இல்லை, வைத்த ஆளும் நிற்கவில்லை என்றான்.

"உன்னைத்தான் கேக்கறார்க்கா. பாரதியைக் கூப்பிடு, அவ கைபட்டாத்தான் சரியாவும்னு."

கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்த ஜெயபாரதி தம்பியின் முகத்தைப் பார்த்தாள். இளைத்திருந்தான். பாவமாகத்தான் இருந்தது. ஏழு வயதில் அவள் சோறு ஊட்டிய முகம்.

"எங்கையால தூக்க முடியாதுடா" என்றாள்.

அது உண்மை. டாக்டர் சீட்டுக்கூட இருந்தது. ஆனால் அவள் அதைச் சொன்ன விதத்தில் உண்மையைத் தவிர வேறொன்றும் இருந்தது என்பது இருவருக்கும் தெரிந்தது. பிரபு திரும்பிப் போனான். அன்று முழுதும் அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. வீட்டுக்குக் கூப்பிட்டு வருகிறேன் என்று சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை போன் பூத் வரை போய்த் திரும்பினாள். கூப்பிடவில்லை.

மாசி மாதம் முதலியார் போய்விட்டார். சேதி வந்ததும் போனாள். கூடம் முழுக்கக் கூட்டம். பெண்களுக்கு நடுவில் அவளுக்கு இடம் விட்டார்கள். முடி வெட்டிய தலையைப் பார்த்துக் கிசுகிசுத்தார்கள். கடைசி நாலு மாதம் எட்டிப் பார்க்காத மகள் என்று ஒரு குரல், அவள் காதில் விழவேண்டும் என்றே சொன்னது. அப்பாவின் முகம் சுருங்கி, பாக்கெட் படத்தில் இருந்ததைவிடப் பத்து வயது கூடித் தெரிந்தது. அழலாம் என்று பார்த்தாள். வேறு யாருக்காகவோ சேர்த்துவைத்ததுபோல் அழுகை உள்ளேயே இருந்தது.

வாசலில் ஆண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். "இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனைப் பாக்க முடியாது சார். பத்து வருஷம் முன்னாடியே மிஷின் போட்டிருந்தா எங்கயோ போயிருப்பார். கடைசி வரைக்கும் கொள்கைய விடலையே!" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எல்லோரும் ஆமாம் என்றார்கள். வேம்பு ஐயரும் அங்கேதான் நின்றார். அவர் ஆமாம் என்றாரா என்று ஜெயபாரதிக்குக் கேட்கவில்லை.

எடுத்துக்கொண்டு போனதும் பெண்கள் தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டார்கள். பதினாறு நாளும் இருந்துவிட்டுப் போகச் சொல்லி வைதேகி கையைப் பிடித்தாள். விடுதியில் நூற்றிருபது பேர், மாற்றுக்கு ஆள் இல்லை என்று ஜெயபாரதி சொன்னாள். ஈரத் தலையோடு மாடவீதிக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றாள். வந்த பஸ்ஸில் கூட்டம் நெருக்கியது. மேலே பிடித்துக்கொள்ளக் கை எழும்பாது என்பதால், ஒரு சீட்டின் முதுகை இடது கையால் பற்றிக்கொண்டு, நந்தனம் வரை நின்றபடியே போனாள்.